கண்ணாடி ஜாடில லேம்ப் பேஸ் செஞ்சேன், மறுநாள் காலைல தானா விரிசல் விட்டிருக்கு, ஏன்?

பச்சைஜாடி:

எல்லாருக்கும் வணக்கம். டேபிள் லேம்புக்குக் கண்ணாடியிலயே பேஸ் செய்யணும்னு ரெண்டு மாசமா எனக்கு ஒரே நினைப்பு. மேல பல்பு எரியும்போது கீழ இருக்குற கண்ணாடிக்குள்ள அந்த வெளிச்சம் இறங்கி தேங்கி நிக்குமே, பீங்கான்லயும் மரத்துலயும் அது வரவே வராது, அதுக்காகத்தான் இவ்ளோ பாடு. இதுவரைக்கும் மூணு ஜாடி போச்சு, மூணும் மூணு விதமா போச்சு, அதனால நல்லா விசாரிச்சுட்டு நாலாவதுல கை வைக்கலாம்னு எழுதுறேன்.

முதல் ஜாடில, வயர் போற குழாய்க்காக அடியில ஓட்டை போடும்போது, டயமண்ட் பிட் (கண்ணாடியை அறுக்குற டிரில் முனை) உள்பக்கம் வெளிய வர்ற நேரத்துல ஓட்டையைச் சுத்தி பெருசு பெருசா சில்லு பேந்துடுச்சு. ரெண்டாவது நேரா உருளை மாதிரி இருக்குற கனமான ஜாடி, பிட்டை வச்சு ஒரு நிமிஷம் கூட ஆகல, டப்புன்னு ஒரு சத்தம், மொத்த ஜாடியும் ஜல்லி மாதிரி சின்னச் சின்ன துண்டா கொட்டிடுச்சு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்ததால தப்பிச்சேன். மூணாவதுதான் மனசை ரொம்ப கஷ்டப்படுத்துனது. பச்சை கலர், கழுத்து ஒடுங்குன ஜாடி, உயரம் 35 செ.மீ. இருக்கும், அடிப்பக்கம் பாட்டில்ல இருக்குற மாதிரி உள்ளுக்குள்ள கூடாரமா எழும்பி இருக்கும். அதுல 12 மி.மீ. ஓட்டை சுத்தமா விழுந்துச்சு, மரை போட்ட குழாயை அடியில இருந்து கழுத்து வரைக்கும் விட்டு, மேல பித்தளை மூடி, அதுக்கு மேல ஹோல்டர், அடியில வாஷர் போட்டு நட்டு, எல்லாம் மாட்டி ராத்திரி ஒரு மணி நேரம் எரிய விட்டுப் பாத்துட்டுத்தான் படுத்தேன். காலைல பாத்தா ஓட்டையோட ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு வளைஞ்சு பக்கச் சுவர்ல பாதி உயரம் வரைக்கும் ஒரு விரிசல். யாரும் தொடல, எதுவும் மேல விழல.

சூட்டாலயா, கண்ணாடியே சரியில்லையா, நான் ஓட்டை போட்ட விதம் தப்பா? இதே ஜாடி ஜோடியா வாங்குனதுல இன்னொன்னு கையில இருக்கு, அதையும் இழக்க மனசு வரல. இன்னொரு விஷயம், தெளிவான கண்ணாடில நடுவுல குழாயும் வயரும் தெரியுது, அதை எப்படி மறைக்குறீங்க?

மரையாணி:

தம்பி, ரெண்டே கேள்வி. அடியில போட்ட வாஷர் இரும்பா ரப்பரா? நட்டைக் கையால முறுக்குனீங்களா, ஸ்பேனர் போட்டா?

பச்சைஜாடி:

இரும்பு வாஷர்தான் அண்ணே. ஸ்பேனர் போட்டுதான் முறுக்குனேன், ஏன்னா மேல ஹோல்டர் லேசா ஆடிட்டே இருந்துச்சு, ஆட்டம் நிக்குற வரைக்கும் முறுக்குனேன்.

மரையாணி:

அப்ப காரணம் அதேதான், அந்த ஜாடி மேலயும் தப்பு இல்ல, உங்க ஓட்டை மேலயும் பெருசா தப்பு இல்ல.

கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா அடுத்த ஜாடி உடையாது. கண்ணாடியை அமுக்குனா தாங்கும், நல்லாவே தாங்கும், ஆனா இழுத்தா தாங்காது. இப்ப உங்க லேம்ப்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. மேல பித்தளை மூடி ஜாடியோட வாய்ல உக்காந்திருக்கு. கீழ நட்டு ஓட்டையைச் சுத்தி அமுக்குது. நட்டை முறுக்க முறுக்க குழாய் ரெண்டு முனையையும் ஒண்ணை நோக்கி ஒண்ணு இழுக்குது, அப்ப ஜாடியோட அடித்தட்டு நடுவுல மேல் நோக்கி வளையப் பாக்குது. அது ஏற்கனவே கூடாரம் மாதிரி எழும்பி இருக்குன்னு சொல்றீங்க, அந்தக் கூடாரத்தை உள்ள இருந்து குச்சி வச்சுக் குத்துற மாதிரி ஆயிடுது. அப்படி வளையும்போது அடித்தட்டோட உள்பக்கம் இழுபடும், ஓட்டையோட உள் ஓரத்துலதான் அந்த இழுவை ஜாஸ்தி. நீங்க வெளிய இருந்து டிரில் பண்ணீங்க, அதனால சில்லு பேர்ந்த இடமும் அதே உள் ஓரம்தான், ஓட்டை சுத்தமா இருக்குன்னு வெளிய இருந்து பாத்துட்டு நினைச்சிருப்பீங்க, உள்ள விரலை விட்டுத் தடவிப் பாக்க முடியாது இல்லையா. பலவீனமான இடமும் இழுவை அதிகமான இடமும் ஒண்ணா சேர்ந்துடுச்சு, அவ்ளோதான்.

இதுக்கு வழி என்னன்னா ஓட்டை மேல எந்த பாரமும் போகவே கூடாது. நான் எத்தனையோ வருஷமா இதை ஒரே மாதிரிதான் செய்றேன். ஜாடியோட அடி வட்டம் உக்கார்ற அளவுக்கு ஒரு மரக்கட்டைல பள்ளம் எடுத்து, பள்ளத்துல மெல்லிசா கார்க் ஷீட் இல்லன்னா ரப்பர் ஷீட் ஒட்டுங்க. நட்டு அந்த மரக்கட்டைக்கு அடியில வரணும், ஜாடிக்கு அடியில இல்ல. இப்ப முறுக்குனா பாரம் மரத்துல இருந்து ஜாடியோட விளிம்புக்கு, விளிம்புல இருந்து பக்கச் சுவர் வழியா நேரா மேல மூடிக்குப் போகுது, சுவர் முழுக்க அமுங்குது, எங்கயும் இழுபடாது. ஓட்டை சும்மா குழாய் போறதுக்கு வழி மட்டும்தான். வழக்கமா வர்ற லேம்ப் குழாய் 10 மி.மீ., அதுக்கு 12 இல்ல 13ல ஓட்டை போட்டு நடுவுல ஒரு ரப்பர் புஷ் (குழாயைச் சுத்தி உக்கார்ற சின்ன உறை) மாட்டிட்டா குழாய் கண்ணாடியைத் தொடாது. மேல மூடிக்கு அடியிலயும் ரப்பர் வளையம் கண்டிப்பா வேணும். நட்டை கை விரலால இறுக்குற அளவு இறுக்கி, அதுக்கு மேல கால் சுத்து, அத்தோட விட்டுடணும். ஹோல்டர் ஆடுச்சுன்னா நட்டை முறுக்காதீங்க, மூடிக்கும் வாய்க்கும் நடுவுல இடைவெளி இருக்குன்னு அர்த்தம், தடிமனான ரப்பர் போடுங்க.

ஊதுகுழல்:

மரையாணி அண்ணன் சொன்னதுல மாற்றுக் கருத்து இல்ல, ஆனா கண்ணாடியையும் சோதிக்காம விடக் கூடாது. நான் உலைல ஊதுற வேலை கத்துக்கிட்டவன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

பாட்டில், ஜன்னலுக்கெல்லாம் வர்ற சாதாரண சோடா லைம் கண்ணாடியை நாங்க 1000 டிகிரிக்கு மேல வச்சு வேலை செய்றோம். அங்க இருந்து அப்படியே ஆற விட்டா வெளித்தோல் முதல்ல இறுகிடும், உள்ள இருக்குறது அப்புறமா சுருங்கும், அந்தச் சண்டை கண்ணாடிக்குள்ளயே தங்கிடும். அதனாலதான் செஞ்ச உடனே 500 டிகிரிக்குக் கிட்ட இருக்குற வேற ஒரு உலைல வச்சு, கொஞ்ச நேரம் நிறுத்தி, மெதுவா மெதுவா இறக்குவோம். தடிமன் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா ஆறுற நேரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகணும். லேம்ப் பேஸுக்குன்னு அடி கனமா செய்ற ஜாடில இந்த இடத்துலதான் அவசரம் பண்ணிடுவாங்க, சுவர் நல்லா ஆறியிருக்கும், அடி ஆறியிருக்காது.

உங்க ரெண்டாவது ஜாடி ஜல்லியா கொட்டுனதுக்குக் காரணம் வேற, அது டெம்பர்ட் கண்ணாடி. சூடா இருக்கும்போதே காத்து அடிச்சு வேணும்னே தோலை அமுக்கத்துலயும் உள்ளே இழுவையிலயும் பூட்டி வச்சிருப்பாங்க. தோல் உடையாத வரைக்கும் ரொம்ப பலம், பிட் தோலைத் தாண்டி உள்ள போன நிமிஷம் பூட்டு திறந்துடும். அதுல ஓட்டை போட எந்த வித்தையும் கிடையாது, ஓட்டை போட்டுட்டுத்தான் டெம்பர் பண்ணணும்.

இதை ஓட்டை போடறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. லேப்டாப்ல வெள்ளை ஸ்க்ரீன் வச்சுக்கோங்க, எல்சிடி ஸ்க்ரீன்ல இருந்து வர்ற வெளிச்சம் போலரைஸ்டு வெளிச்சம், அதாவது ஒரே திசைல மட்டும் அதிர்ற வெளிச்சம். போலராய்டு கூலிங் கிளாஸை கண் முன்னாடி பிடிச்சு மெதுவா திருப்புங்க, ஒரு கோணத்துல ஸ்க்ரீன் கருப்பா ஆயிடும். அந்தக் கோணத்தை மாத்தாம ஸ்க்ரீனுக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவுல ஜாடியைக் கொண்டு வாங்க. நல்லா ஆறுன கண்ணாடியா இருந்தா ஜாடியும் இருட்டாவே இருக்கும். உள்ள இழுவை இருந்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா, சில சமயம் கலர் கலரா ஒளிரும். ஜாடியைச் சுத்திச் சுத்தி பாருங்க, ஒரு பக்கம் பாத்தா ஏமாந்துடுவீங்க.

ராத்திரி முழுக்க சும்மா இருந்துட்டு ஏன் காலைல விரிஞ்சுதுன்னு கேட்டிருந்தீங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். 1921ல கிரிஃபித்னு ஒரு பொறியாளர் கண்ணாடியை வச்சுத்தான் இதைக் காட்டுனார். கணக்குப்படி கண்ணாடி தாங்க வேண்டியதுல ரொம்ப கொஞ்சம்தான் நிஜத்துல தாங்குது, ஏன்னா மேல இருக்குற கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொண்ணும் இழுவையை தன் நுனில குவிச்சுக்குது. இதுக்கு மேல காத்துல இருக்குற ஈரமும் சேருது. இழுபட்டுட்டு இருக்குற கீறல் நுனில ஈரம் போய் கண்ணாடியோட பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். பாரம் கூடவே வேணாம், நேரம் போனா போதும். உங்க நட்டு ராத்திரி முழுக்க இழுத்துப் பிடிச்சுட்டே இருந்திருக்கு, கீறல் நகர்ந்துட்டே இருந்திருக்கு, ஒரு அளவு வந்ததும் ஓடிடுச்சு.

பச்சைஜாடி:

ஊதுகுழல் சார், நீங்க சொன்ன மாதிரி உடனே பாத்துட்டேன். ஜோடி ஜாடி முழுக்க இருட்டாவே இருக்கு, கழுத்து வளையுற இடத்துல மட்டும் லேசா சாம்பல் கலர். ரெண்டாவது ஜாடி மாதிரியே இன்னொரு உருளை ஜாடி வீட்ல இருந்துச்சு, அதை வச்சா பட்டை பட்டையா வெளிச்சம் அடிக்குது, பயந்து அதை அப்படியே எடுத்த இடத்துல வச்சுட்டேன்.

அப்புறம் உடைஞ்ச தட்டையான கண்ணாடித் துண்டு ஒண்ணை எடுத்து ஸ்க்ரீன் முன்னாடி பிடிச்சு ஓரத்தைக் குறடால அமுக்குனேன். குறடோட பல் தொடுற இடத்துல இருந்து வெள்ளையா ஒரு இறகு விரியுற மாதிரி கண்ணாடிக்குள்ள வெளிச்சம் வந்துச்சு, கையை விட்டதும் மறைஞ்சுடுச்சு. நடுவுல பழைய சைக்கிள் ட்யூப் துண்டை வச்சு அதே மாதிரி அமுக்குனா அந்த இறகு இல்ல, பரவலா ஒரு மங்கல் மட்டும்தான். இரும்பு வாஷர் என்ன பண்ணியிருக்கும்னு இப்பதான் கண்ணால பாத்தேன்.

மரையாணி:

நல்ல வேலை பண்ணீங்க தம்பி. டிரில் பத்தியும் சொல்லிடுறேன். பேட்டரி டிரில்தான் எடுக்கணும், தண்ணி ஊத்தி வேலை செய்ற இடத்துல பிளக் போட்ட டிரில் வேணாம். ஜாடியைத் தலைகீழா ஒரு வாளில துணி சுத்தி ஆடாம நிறுத்தி, அடியில இருக்குற குழில தண்ணி விட்டா அதுவே தொட்டி. டயமண்ட் பிட் வட்டமா இருக்கும், நடுவுல முனை இருக்காது, அதனால நேரா வச்சா வழுக்கிட்டு ஓடும், முதல்ல சாய்ச்சு பிடிச்சு பிறை மாதிரி ஒரு தடம் விழுந்ததும் மெதுவா நிமிர்த்துங்க. வேகம் ரொம்ப கம்மியா, நிமிஷத்துக்கு 500, 600 சுத்து போதும். அமுக்காதீங்க, டிரில்லோட எடையே போதும். நாலஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை தூக்கி விடுங்க, உள்ள இருக்குற மாவு வெளிய வரணும். தண்ணி பால் மாதிரி வெளுத்துட்டே இருந்தா எல்லாம் சரியா போகுதுன்னு அர்த்தம். சத்தம் மாறி மெல்லிசா கிறீச்சுன்னு கேட்டா வெளிய வரப் போகுது, அங்கதான் பாரத்தை இன்னும் குறைக்கணும், கிட்டத்தட்ட டிரில்லைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி. உங்க முதல் ஜாடி அந்த இடத்துலதான் போயிருக்கு.

ஓட்டை விழுந்ததும் வேலை முடியல. சின்ன உருண்டை டயமண்ட் பர் (உரசி எடுக்குற முனை) கிடைக்கும், அதை ஓட்டை வழியா உள்ள விட்டு, பக்கவாட்டுல சாய்ச்சு உள் ஓரத்தை தண்ணியோட சுத்தி உரசி எடுங்க. வெளி ஓரத்துக்கு 220, அப்புறம் 400 வாட்டர் பேப்பரைக் குச்சில சுத்தி தேய்ங்க. விரல் நகத்தை ஓரத்துல ஓட்டுனா எங்கயும் சிக்கக் கூடாது. எல்லாத்தையும் ஈரத்தோடயே செய்ங்க, காஞ்ச கண்ணாடித் தூள் மூக்குக்குள்ள போகக் கூடாது. அந்தத் தண்ணியையும் சிங்க்ல ஊத்தாதீங்க, படிய வச்சு அடியில இருக்குறதைத் தனியா கட்டிப் போடுங்க.

தூரிகை:

குழாயை மறைக்குறது பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். நான் கண்ணாடி பேஸுக்கு உள்பக்கமா பெயிண்ட் பண்ணுவேன், பத்துப் பதினஞ்சு செஞ்சிருக்கேன்.

முதல்ல ஒண்ணு, தெளிவான கண்ணாடில குழாயை மறைக்கவே வேணாம்னுதான் எனக்குத் தோணும். இரும்புக் குழாய்க்கு மேல நல்லா பாலிஷ் போட்ட பித்தளைக் குழாயை உறை மாதிரி மாட்டிடுங்க, வயர் உள்ளுக்குள்ள போயிடும், வெளிய ஒரு பொன் கோடு மாதிரி நேரா நிக்கும், பச்சைக் கண்ணாடிக்கு அது அவ்ளோ அழகு. மறைக்கணும்னே இருந்தா உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி ஆக்கலாம். எட்சிங் க்ரீம்ல ஃபுளோரைடு இருக்கு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்பு, காத்தோட்டம் மூணும் இல்லாம தொடக்கூடாது, கழுவும்போது தெறிக்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

பெயிண்ட்னா வரிசையை அப்படியே தலைகீழா போடணும். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு எது முன்னாடி தெரியணுமோ அதை முதல்ல போடணும், பூவோட நரம்பு, அதுக்கப்புறம் இதழ், கடைசியா பின்னணி. ஒரு தடவை போட்டா திருத்த முடியாது, அதனால ஜாடிக்கு வெளிய காகிதத்துல வரைஞ்சு ஒட்டிட்டு உள்ள அது மேலயே போவேன். கழுத்து ஒடுங்குன ஜாடிக்கு தூரிகையை வளைச்ச கம்பில கட்டிக்கணும். முன்னாடியே ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வச்சு உள்ளே துடைச்சு காய விடணும், ஒரு விரல் ரேகை இருந்தாலும் அந்த இடத்துல ஆறு மாசத்துல உரிஞ்சு வந்துடும். முழுசா காயாம வாயை மூடிடாதீங்க, உள்ள ஈரம் அடைஞ்சு வெள்ளையா பூத்துடும், எனக்கு ஒரு நீல ஜாடி அப்படித்தான் போச்சு, மூணு வார வேலை.

கூழாங்கல்லு, கண்ணாடி கோலி போட்டு நிரப்புறவங்களும் இருக்காங்க. மேல இருந்து கொட்டாதீங்க, ஜாடியைப் படுக்க வச்சு ஒவ்வொண்ணா உருட்டி விடுங்க, மேல கீறல் பத்தி சொன்னாங்களே, கோலி விழுந்தா கீறல்தான்.

ஊதுகுழல்:

தூரிகை அக்கா சொன்ன பொன் கோடு யோசனை ரொம்ப நல்லா இருக்கு. நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி பிரான்ஸ்ல நான்சிங்குற ஊர்ல எமில் காலேங்குற கண்ணாடிக் கலைஞர் செஞ்ச லேம்ப்கள்ல ஷேடு மட்டும் இல்ல, பேஸும் அடுக்கு அடுக்கா கலர் கண்ணாடி, ஆசிட்ல அரிச்செடுத்து பூவும் செடியும் செதுக்குனது. ஷேடையும் பேஸையும் ஒரே செடி மாதிரி நினைச்சு செஞ்சிருப்பாங்க. பேஸ் தனி, ஷேடு தனின்னு யோசிக்காம ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு கலர் முடிவு பண்ணுங்க.

எர்த்வயர்:

வயரிங் பத்தி ஒரு வார்த்தை, தயவு செஞ்சு படிங்க. உங்க லேம்ப்ல உலோகக் குழாய், பித்தளை மூடி எல்லாம் கைக்கு எட்டுற இடத்துல இருக்கு, அதனால மூணு வயர் உள்ள கேபிள் போட்டு எர்த்தைக் குழாயோட இறுக்கமா சேருங்க. ஃபேஸ் ஹோல்டரோட நடு முனைக்குப் போகணும், நியூட்ரல் சுத்தி இருக்குற மரைக்கு, சுவிட்ச் ஃபேஸ்லதான் இருக்கணும். வெட்டுன குழாயோட முனை பிளேடு மாதிரி இருக்கும், அரம் போட்டு மழுக்கி பிளாஸ்டிக் புஷ் மாட்டாம வயரை உள்ள இழுக்காதீங்க. மரக்கட்டைக்குப் பக்கவாட்டுல ஒரு காடி எடுத்து வயரை வெளிய கொண்டு வந்து, உள்ள ஒரு கிளிப்ல பிடிக்க வைங்க, யாராவது தடுக்கி இழுத்தா பாரம் கிளிப்ல நிக்கணும், ஹோல்டர் ஸ்க்ரூல இல்ல. பல்பு 9 வாட் எல்இடி போதும், பழைய 60 வாட் குண்டு பல்பு தர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட வந்துடும், அந்த குண்டு பல்பு எடுக்குற கரண்ட்ல பெரும்பகுதி சூடாத்தான் போகும், அந்தச் சூடு நேரா உங்க மூடிக்கும் ரப்பருக்கும் வரும்.

அப்புறம் சிலிக்கான் போடுறதா இருந்தா வினிகர் வாடை அடிக்குற வகை வேணாம், அதுல இருந்து வர்ற அமிலம் பித்தளையையும் செம்பு வயரையும் பச்சையா அரிச்சுடும். நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்குறதைப் பாத்து வாங்குங்க.

ஓட்டையே போட மனசு வரலன்னா வாய்ல மாட்டுற ரப்பர் கார்க் ஹோல்டர் இருக்கு, வயர் ஹோல்டர் பக்கத்துலயே வெளிய வந்துடும். வயர் தொங்குறது தெரியும், ஆனா ஜாடிக்கு ஒண்ணும் ஆகாது.

பச்சைஜாடி:

பதினெட்டு நாள் கழிச்சு வந்து எழுதுறேன். ரப்பர் கார்க் யோசனைல ரெண்டு நாள் மனசு ஊசலாடுச்சு எர்த்வயர் அண்ணே, ஆனா அந்த பொன் கோடு மனசுல உக்காந்துடுச்சு, அதனால ஓட்டையே போட்டேன். முழுசா இருபது நிமிஷம் ஆச்சு, போன தடவை ஆறு நிமிஷத்துல முடிச்சிருந்தேன். வெளிய வர்ற நேரத்துல அந்த கிறீச் சத்தம் கேட்டதும் ரெண்டு கையாலயும் டிரில்லைத் தூக்கிப் பிடிச்சேன், வட்டமான வில்லை அப்படியே தண்ணிக்குள்ள டிங்னு விழுந்துச்சு. உள் ஓரத்துல நெல்லுமணி அளவுக்கு ரெண்டு சில்லு இருந்துச்சு, பர் போட்டு அரை மணி நேரம் உரசுனதுல போயிடுச்சு.

மரக்கட்டைல பள்ளம், கார்க், ரப்பர் புஷ், மேல தடிமனான வளையம், எல்லாம் மரையாணி அண்ணன் சொன்னபடி. நட்டை விரலால இறுக்கி கால் சுத்துதான் விட்டேன், ஹோல்டர் ஆடல. மாட்டி முடிச்சதும் மறுபடி லேப்டாப் முன்னாடி தூக்கிட்டுப் போய் கூலிங் கிளாஸ் வச்சுப் பாத்தேன், சுவர் முழுக்க இருட்டு, வாய்கிட்ட வளையம் உக்கார்ற இடத்துல மட்டும் சுத்தி ஒரே சீரா மெல்லிசா ஒரு வெளுப்பு.

இன்னையோட பதினோரு நாள் ஆச்சு. தினமும் காலைல எழுந்ததும் அடியைத் திருப்பி டார்ச் அடிச்சுப் பாக்குறேன், ஒரு கோடு கூட இல்ல. ராத்திரி விளக்கு போட்டா பித்தளைக் குழாய் பச்சைக்குள்ள நேரா நிக்குது, அதோட நிழல் சுவர்ல விழாம ஜாடிக்குள்ளயே வளைஞ்சு ரெண்டா தெரியுது. தூரிகை அக்கா, அடுத்தது உள்பக்கம் பெயிண்ட் பண்ணலாம்னு இருக்கேன், கம்பில தூரிகையை எப்படி கட்டுறீங்கன்னு ஒரு போட்டோ போட முடியுமா?